பூட் ஆகாத பொட்டியும் காசு சைஸ் பேட்டரியும்

ஃபேன் சுத்துது. முன்பக்கம் பச்சை விளக்கு எரியுது. திரையில மட்டும் ஒண்ணுமே இல்ல. வேகத்தைக் கொஞ்சம் ஏத்தித்தான் பார்ப்போமேன்னு பயாஸுக்குள்ள போய் ரெண்டு எண்ணை மாத்தி, சேமிச்சு, ரீஸ்டார்ட் பண்ணினவங்களுக்கு இந்தக் கறுப்புத் திரை நல்ல பழக்கம். "செத்துருச்சா?" என்பதுதான் முதல்ல வர்ற கேள்வி. பெரும்பாலும் சாகலை மக்களே. தன்னால முடியாத ஒரு எண்ணை ஞாபகத்துல வெச்சுக்கிட்டு அடம் பிடிக்குது, அவ்ளோதான். அந்த எண் எங்க எழுதியிருக்குன்னு கண்டுபிடிச்சு அழிச்சுட்டா எழுந்து உக்காந்துடும்.

எங்க எழுதியிருக்கு என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறிக்கிட்டே வந்திருக்கு. அந்த இடமாற்றக் கதைதான் இந்தப் பதிவு.

பொட்டி தட்டாத நண்பர்களுக்காக ஒரு பத்தி. பிராசசர் ஒரு தாளத்துக்கு ஏத்த மாதிரி வேலை செய்யுது. இத்தனை மெகாஹெர்ட்ஸ்னு தொழிற்சாலையில சோதிச்சு மேல அச்சடிச்சு விக்கிறாங்க. அதைவிட வேகமா தாளம் போட்டு ஓட்டினா அதுக்குப் பேரு ஓவர்க்ளாக்கிங். ஏன் ஓடுதுன்னா, கோடை வெயில்லயும் தூசி அடைஞ்ச பொட்டியிலயும் ஓடணுமேன்னு கொஞ்சம் தாராளமா இடைவெளி விட்டுத்தான் அந்த எண்ணை அச்சடிக்கிறாங்க. தவிர, மலிவான சரக்குக்கு ஆர்டர் அதிகமா இருந்தா, நல்லா ஓடக்கூடிய சில்லையும் குறைஞ்ச எண் போட்டு அனுப்பிடுவாங்க. அந்த இடைவெளியைத்தான் நம்மாளுங்க சுரண்டினாங்க.

1981-ல் வந்த முதல் ஐபிஎம் பிசி இந்த விளையாட்டுக்குத் தோதுப்படவில்லை. தாளம் போட அதில் இருந்தது 14.31818 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒண்ணுதான். அதை மூணால வகுத்தா பிராசசருக்கு 4.77. நாலால வகுத்தா கலர் டிவிக்கான சிக்னல். பன்னிரண்டால வகுத்தா நேரம் எண்ணுற டைமர். படிகத்தை மாத்தினீங்கன்னா கலரும் போச்சு, கடிகாரமும் போச்சு.

1984-ல் வந்த ஐபிஎம் ஏடி வேற மாதிரி. 80286 பிராசசருக்குத் தனிப் படிகம், 12 மெகாஹெர்ட்ஸ். அதை ரெண்டால வகுத்து 6-ல் ஓடும். ஐபிஎம் செஞ்ச நல்ல காரியம், அந்தப் படிகத்தைப் பற்றவைக்காமல் சாக்கெட்டில் செருகியிருந்தாங்க. பிடுங்கிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒண்ணைச் செருகினா 8-ல் ஓடிடுச்சு. சில டாலர்தான் செலவு. மூணில் ஒரு பங்கு வேகம் கூடுதல்! ஓடலைன்னா? பழைய படிகத்தைத் திரும்பச் செருகு. கதை முடிஞ்சது. எண் எங்க எழுதியிருக்குன்னா அந்தத் தகர டப்பா மேலேயே எழுதியிருக்கு, கண்ணால படிச்சுக்கலாம்.

ஐபிஎம்முக்கு இது பிடிக்கலை. பின்னால் வந்த ஏடியின் பயாஸில் ஒரு சோதனையைச் சேர்த்தாங்க. தொடங்கும்போதே இயந்திரம் எவ்வளவு வேகத்துல ஓடுதுன்னு அளந்து பார்க்கும், கூடுதலா இருந்தா அப்படியே நின்னுடும். ஆக, அதில் பொட்டி பூட் ஆகாம நின்னது கோளாறு இல்லை, வேணும்னே போட்ட முட்டுக்கட்டை. சும்மா இருப்பாங்களா? தொடங்கும்போது மெதுவா துடிச்சு, சோதனை தாண்டினதும் வேகம் ஏத்திக்கிற கருவிகள் சந்தைக்கு வந்துச்சு.

அதே ஏடியில இன்னொரு விஷயமும் வந்துச்சு. மோட்டரோலாவின் எம்சி146818 என்கிற கடிகாரச் சில்லு. மின்சாரம் இல்லாதப்பவும் பேட்டரியில ஓடிக்கிட்டே இருக்கும். அதில் 64 பைட் நினைவகம். 14 பைட் நேரம் பார்க்குற வேலைக்கு, மிச்சம் 50 பைட்டில் வட்டு என்ன வகை, ராம் எவ்வளவு என்ற விவரங்கள். நாம சீமாஸ்னு சொல்றது இதைத்தான். 64 பைட்டுன்னா எவ்வளவுன்னு யோசிச்சுப் பாருங்க. யூனிகோடு யூடிஎஃப்-8 தமிழில் 21 குறிக்கு மேல் இடம் இல்லை, கொம்பும் புள்ளியும் தனிக் கணக்கு வேற :-) இந்தத் துக்கடா நினைவகம்தான் பின்னாடி பெரிய தலைவலியா வந்து நிக்கப் போகுது. 1984-ல் அதுக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

அடுத்தது ஜம்பர் காலம். 486, பென்டியம் போர்டுகள்ல வரிசையா குட்டிக் குட்டி ஊசிகள் இருக்கும். ரெண்டு ஊசியைச் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் தொப்பி மாட்டுவாங்க. பஸ் வேகம் ஒரு தொகுதி, பெருக்கல் எண் இன்னொரு தொகுதி. பென்டியம் 150 என்பது 60 தடவை இரண்டரை. தொப்பியை ஒரு ஊசி நகர்த்தி 66 ஆக்கினா அதுவே பென்டியம் 166. பூட் ஆகலையா, பொட்டியைத் திற, தொப்பியைப் பழைய இடத்துல மாட்டு. மேனுவலைத் தொலைச்சவன் பாடுதான் திண்டாட்டம். மத்தபடி ஜம்பர் மறைச்சு வைக்காது, பொய் சொல்லாது. 1996-ல் தாமஸ் பாப்ஸ்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் தொடங்கின டாம்ஸ் ஹார்ட்வேர் தளம் இந்த வித்தையை ஊருக்கே சொல்லிக் கொடுத்துச்சு.

ஊருக்குன்னா திருடனுக்கும் சேர்த்துத்தானே. மலிவான பிராசசரை வாங்கி, மேலே இருந்த அச்சைச் சுரண்டிட்டு, பெரிய எண்ணை அடிச்சு வித்த கூட்டங்கள் 90-கள்ல இருந்துச்சு. போர்டில் ஜம்பரை மாத்தி வெச்சுட்டா போதும், வாங்கறவனுக்கு எதுவும் தெரியாது. இன்டெல் 90-களின் பின்பாதியில் பெருக்கல் எண்ணைப் பிராசசருக்குள்ளேயே பூட்டினப்ப சொன்ன காரணம் இதுதான். விலை கூடின சில்லை விக்கிறதுக்காகத்தான் பூட்டினாங்கன்னு ஓவர்க்ளாக்கர்கள் திட்டினாங்க. ரெண்டுமே உண்மைன்னுதான் நான் நினைக்கிறேன்.

பெருக்கல் எண் பூட்டியாச்சு, பஸ் வேகம் மட்டும் மிச்சம். அங்கதான் தைவானின் அபிட் கம்பெனி உள்ள வருது. 90-களின் நடுவில் அவங்க கொண்டுவந்த சாஃப்ட்மெனு, ஜம்பரைத் தூக்கிட்டு வேகத்தைப் பயாஸ் திரையிலேயே மாத்திக்கலாம்னு ஆக்கிடுச்சு. பொட்டியைத் திறக்கவே வேணாம். அம்புக்குறி விசையைத் தட்டினா போதும்.

அந்த நேரம் பார்த்து 1998 ஆகஸ்டில் செலரான் 300ஏ வந்துச்சு. 66 தடவை நாலரை, 300. பஸ்ஸை 100 ஆக்கினா 450. நிறைய சில்லுகள் அலட்டிக்காமல் அந்த வேகத்தில் ஓடின. அதே நாள்ல இன்டெல் வெளியிட்ட விலை உயர்ந்த பென்டியம் 2 சில்லோட வேகமும் 450 தான்! இன்டெல்லே தன் தலையில மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்ட மாதிரி ஆச்சு. பயாஸில் வசதி இல்லாத போர்டு வெச்சிருந்தவங்க, பிராசசர் அட்டையில பி21 என்கிற ஒரு முனையை செல்லோடேப்போ நெயில் பாலிஷோ போட்டு மறைச்சாங்க. போர்டு அதை 100 பஸ் பிராசசர்னு நம்பிடும். பூட் ஆகலைன்னா மீட்பு மருந்து நெயில் பாலிஷ் ரிமூவர். 2000-ல் ஏஎம்டி அத்லான், டியூரான் சில்லுகள் மேலே இருந்த எல்1 புள்ளிகளைப் பென்சிலால கோடு போட்டு இணைச்சு பெருக்கல் பூட்டைத் திறந்தாங்க. அங்க மீட்பு மருந்து ரப்பர். கேலியில்லை, நெசமாவே அழிரப்பர்தான்.

டேப்பும் பென்சிலும் கண்ணுக்குத் தெரியும். சாஃப்ட்மெனுவில் தட்டின எண் தெரியாது. அது போய் உக்காந்தது எங்கன்னா, நம்ம பழைய நண்பர், பேட்டரியில் உயிர் வாழுற அந்த சீமாஸ் நினைவகம். இப்பச் சிக்கல் புரியுதா? வேகம் தாங்காம பிராசசர் நின்னு போச்சு. எண்ணை மாத்தணும்னா பயாஸ் திரைக்குப் போகணும். பயாஸ் திரை வரணும்னா பிராசசர் ஓடணும். சாவியைப் பொட்டிக்குள்ள வெச்சுப் பூட்டின கதை. மின்சாரத்தை நிறுத்திப் பயன் இல்லை, பேட்டரி இருக்கே. மாத்துறது எவ்வளவு சுலபமாச்சோ அவ்வளவுக்கு திரும்பி வர்ற வழி கஷ்டமாச்சு.

தயாரிச்சவங்களுக்கும் இது தெரியும். அபிட் உட்பட பல அவார்ட் பயாஸ் போர்டுகள்ல ஒரு பின்வாசல் இருந்துச்சு: இன்சர்ட் விசையை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே பவரைப் போடணும். பவர் வந்ததும் முதல் சில கணங்கள் போர்டு பத்திரமான வேகத்தில்தான் துடிக்கும், அப்புறம்தான் பயாஸ் சீமாஸைப் படிச்சு வேகத்தை ஏத்தும். அந்த இடைவெளியில இன்சர்ட் அமுங்கியிருக்கிறதைப் பார்த்தா எழுதி வெச்ச எண்ணைக் கண்டுக்காம விட்டுடும்.

அதுக்கும் மசியலைன்னா ஜம்பர். ஆமாங்க, எல்லா ஜம்பரையும் ஒழிச்ச போர்டுல ஒரே ஒரு ஜம்பரை மட்டும் விட்டு வெச்சாங்க. மூணு ஊசி, தொப்பியை ஒண்ணு-ரெண்டுல இருந்து ரெண்டு-மூணுக்கு மாத்தி, சில நொடி கழிச்சுத் திரும்ப மாட்டினா சீமாஸ் அழிஞ்சுடும். ஆசுஸ் அதைச் சிஎல்ஆர்டிசி என்பான், எம்எஸ்ஐ ஜேபேட்1 என்பான். திரும்ப மாட்ட மறந்துட்டு, "இன்னும் பூட் ஆகலையே"ன்னு பிராசசரைக் குறை சொன்னவங்க கதையும் உண்டு.

மூணாவது வழிதான் எல்லாருக்கும் தெரிஞ்சது, சிஆர்2032 பேட்டரியைக் கழட்டுறது. அந்தக் காசு சைஸ் 3 வோல்ட் பேட்டரியேதான். இதில் பலரைக் குழப்பின விஷயம் ஒண்ணு இருக்கு. பேட்டரியை அரை மணி நேரம் வெளிய வெச்சும் எதுவும் மறக்கலைன்னு புலம்புவாங்க. காரணம், 1995-ல் வந்த ஏடிஎக்ஸ் பவர் சப்ளை. பொட்டியை அணைச்சாலும் சுவர்ல செருகியிருக்கிற வரைக்கும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் போர்டுக்கு வந்துக்கிட்டே இருக்கும். பேட்டரி போனா என்ன, சீமாஸுக்குச் சோறு அங்கிருந்து கிடைக்குது. அதனால முதல்ல பவர் கார்டைப் பிடுங்கணும். அப்புறம் பவர் பட்டனை ஒரு தடவை அமுக்கி கெப்பாசிட்டர்ல தேங்கினதைக் காலி பண்ணணும். அப்புறம்தான் பேட்டரி. இந்த வரிசை தெரியாம நல்ல போர்டுகளைச் செத்ததா நினைச்சுத் தூக்கிப் போட்டவங்க எத்தனை பேரோ. இதைவிடப் பாவம், டல்லாஸ் டிஎஸ்1287 மாதிரிச் சில்லு வெச்ச பழைய போர்டுக்காரங்க. அதில் பேட்டரியையே கறுப்புக் கட்டிக்குள்ள வெச்சு மூடி வார்த்திருப்பாங்க. கழட்ட ஒண்ணும் இல்லை.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் பொட்டி எழுந்திருக்கிற கதை. எழுந்தப்புறம் உள்ள என்ன மிஞ்சியிருக்குங்கறது வேற கதை. எனக்கு இந்தச் சரித்திரத்துல முக்கியமா படுறது அதுதான்.

அன்னிக்கு பிசிஐ பஸ்ஸும் அதே தாளத்தில் இருந்து வகுத்து எடுத்ததுதான். அது 33 மெகாஹெர்ட்ஸில் ஓடணும். 66 பஸ்ஸை ரெண்டால வகுத்தா 33, சரி. பஸ்ஸை 83 ஆக்கினா? 41-க்கு மேல போயிடும். வட்டுக்கு எழுதுற கன்ட்ரோலர் அந்த பிசிஐ தாளத்தைத்தான் நம்பியிருந்துச்சு. பிராசசர் ஓடும், விண்டோஸ் வரும், கேம் ஓடும், எல்லாம் சூப்பர். வட்டுல எழுதுறது மட்டும் அங்கங்கே தப்பாப் போகும். ஒரு வாரம் கழிச்சு ஏதோ ஒரு ஃபைல் திறக்காது. பூட் ஆகாம நின்ன பொட்டியே மேல். அது குறைஞ்சபட்சம் ஒண்ணும் எழுதலை!

2001-ல் எக்ஸ்பி வந்தப்புறம் இதோட அடையாளம் ஒரு பிழைச் செய்தி. விண்டோஸ், சிஸ்டம்32, கான்ஃபிக், சிஸ்டம்னு ஒரு நீளப் பாதையைச் சொல்லி "காணோம் அல்லது கெட்டுப் போச்சு"ன்னு நிக்கும். சீமாஸை அழிச்சு வேகத்தைக் குறைச்சப்புறமும் அந்தச் செய்தி போகாது, ஏன்னா ரெஜிஸ்ட்ரி ஏற்கனவே குட்டிச்சுவர். எக்ஸ்பி சிடியில் இருந்து ரெக்கவரி கன்சோலுக்குப் போய், ரிப்பேர் ஃபோல்டரில் இருக்கிற ஆதிகாலப் பிரதியை எடுத்து அந்த இடத்துல வைக்கணும். பொட்டி எழும். ஆனா நிறுவின நாள்ல எப்படி இருந்துச்சோ அந்த ஞாபகத்தோட எழும். நடுவுல போட்ட மென்பொருள் எதுவும் அதுக்குத் தெரியாது.

2002-ல் என்விடியாவின் என்ஃபோர்ஸ்2 வந்துச்சு. பிசிஐ, ஏஜிபி தாளங்களைத் தனியாப் பூட்டி வெச்ச அந்தச் சிப்செட்டைப் பலர் வேகத்துக்காகப் புகழ்ந்தாங்க. வட்டைக் காப்பாத்தினதுக்காகத்தான் அதுக்கு மாலை போடணும்னு நான் சொல்லுவேன்.

தானா விளையாடினவன் கஷ்டப்பட்டா பரவாயில்லை. விளையாடுறோம்னே தெரியாதவங்களும் இருந்தாங்க. மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்கும் ரேமண்ட் சென் 2005-ல் இதைப் பத்தி எழுதியிருக்கார். விண்டோஸ் விழுந்தா அனுப்புற அறிக்கைகள்ல சில, நடக்கவே முடியாத இடத்துல விழுந்ததா காட்டுச்சாம். ஒரு ரெஜிஸ்டரைப் பூஜ்யமாக்குற சாதாரண கட்டளை. நினைவகத்தைத் தொடவே தொடாது. ரெண்டும் ரெண்டும் நாலுன்னு சொல்லும்போது ஒருத்தர் மயங்கி விழுந்த மாதிரி. அனுப்பினவங்களை விசாரிச்சா நிறைய பேர் ஓவர்க்ளாக்கர்கள். சிலருக்கு அந்த வார்த்தையே தெரியலை. என்னன்னு பார்க்கச் சொன்னா, வித்த கடையே வேகத்தை ஏத்திக் கொடுத்திருக்கு! அச்சைச் சுரண்டின அதே பழைய தொழில். இப்ப சுரண்டக்கூட வேண்டியதில்லை, பயாஸில் ரெண்டு தட்டு போதும். 2011-ல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் பத்து லட்சம் பிசிக்களோட அறிக்கைகளைப் பிரிச்சுப் பார்த்தப்ப, ஓவர்க்ளாக் பண்ணினவை பிராசசர் கோளாறால் விழற வாய்ப்பு பல மடங்கு கூடுதல்னு எண்ணாவே வந்துச்சு. அந்தக் கணக்குல தெரிஞ்சு செஞ்சவங்க எத்தனை, கடைக்காரர் புண்ணியத்துல சேர்ந்தவங்க எத்தனைன்னு யாரு பிரிக்கிறது?

சீமாஸ் மட்டுமில்லை, பயாஸே அழிஞ்சு போற கேஸும் உண்டு. ஏத்தின வேகத்திலேயே ஓடிக்கிட்டு, புது பயாஸை ஃப்ளாஷ் பண்ணப் போய், பாதியில தொங்கினா ஆட்டம் க்ளோஸ். எந்த ஜம்பராலும் ஆகாது. 1999 ஏப்ரல் 26-ல் தைவான் மாணவர் சென் இங்-ஹவ் எழுதின சிஐஎச் வைரஸ் விழிச்சு ஆசியா முழுக்கப் பொட்டிகளோட ஃப்ளாஷ் சில்லை அழிச்சப்ப, ஓவர்க்ளாக் பண்ணாத அப்பாவிகளும் இந்த வரிசையில வந்து நின்னாங்க. பாதி ஃப்ளாஷுக்கு மருந்து, அவார்ட் பயாஸில் சாமானியமா அழியாத பூட் பிளாக் என்ற ஒரு துண்டு. அதுக்குத் தெரிஞ்சது ஃப்ளாப்பியும் பழைய ஐஎஸ்ஏ டிஸ்ப்ளே கார்டும் மட்டும். அதனால பரண்ல ஒரு ஐஎஸ்ஏ கார்டு வெச்சிருந்தவன் ராஜா. அதுவும் இல்லாதவங்க செஞ்ச வேலை சர்க்கஸ்: அதே மாடல் நல்ல போர்டை டாஸில் பூட் பண்ணி, அது ஓடிக்கிட்டு இருக்கும்போதே பயாஸ் சில்லைப் பிடுங்கி, செத்த சில்லைச் செருகி, அதுல எழுதுவாங்க. பயாஸ் ஏற்கனவே ராமுக்குள்ள நகல் ஆகியிருக்கிறதால பொட்டி கவனிக்காது. கை நடுங்கினா ரெண்டு போர்டும் காலி. கிகாபைட் 90-களின் கடைசியில ரெண்டு பயாஸ் சில்லு வெச்ச போர்டைக் கொண்டுவந்தது சும்மா இல்லை.

அப்புறம் போர்டுகள் தானாவே மறக்கக் கத்துக்கிச்சு. தொடங்கும்போது ஒரு குறி போட்டு வெச்சுக்கும். முழுசாத் தொடங்கினா குறியை எடுத்துடும். அடுத்த தடவை பவர் வரும்போது குறி அப்படியே இருந்தா, போன தடவை ஏதோ விபரீதம்னு புரிஞ்சுக்கிட்டு பத்திரமான வேகத்துல எழும். ஆசுஸ் இதுக்கு சிபிஆர்னு பேரு வெச்சான். போர்டு மேலேயே ரெண்டு இலக்கத் திரை வந்து, அவார்டில் சி1-ன்னு நின்னா ராம்ல சிக்கல்னு சொல்லிடுச்சு. பின்பக்கமே சீமாஸ் அழிக்கிற பட்டனும் வந்துச்சு. 2011-ல் இன்டெல்லின் சாண்டி பிரிட்ஜ், எல்லாத் தாளத்தையும் ஒரே 100 மெகாஹெர்ட்ஸில் கட்டிப் போட்டதால பஸ் ஏத்துற விளையாட்டே கிட்டத்தட்ட முடிஞ்சுபோச்சு. கே எழுத்து போட்ட, விலை கூடின சில்லுல மட்டும் பெருக்கல் எண் திறந்து விட்டாங்க. சாஃப்ட்மெனுவைக் கொண்டுவந்த அபிட் அதுக்கு முன்னாடியே, 2008 கடைசியோட, போர்டுத் தொழிலை மூடிடுச்சு.

வீட்ல உக்காந்து ஏத்தின வேகத்தை இப்ப தொழிற்சாலையிலேயே ஏத்தி அனுப்புறாங்க. இடைவெளி கொஞ்சம்தான் மிச்சம். 2024-ல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சில்லுகள் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கிச் சிதைஞ்சப்ப, சொந்தமா எதையும் ஏத்தாதவங்க பொட்டியும் விழுந்துச்சு. ஆகஸ்டில் மைக்ரோகோட் திருத்தம் வந்தது. ஏற்கனவே கெட்டுப் போன சில்லுக்கு அது உதவலை. கூடுதலா ரெண்டு வருஷ வாரன்டிதான் கொடுத்தாங்க.

டிடிஆர்5 ராம் போட்ட புதுப் பொட்டியில இன்னொரு வேடிக்கை. முதல் தடவை எக்ஸ்பிஓ-வையோ எக்ஸ்எம்பி-யையோ இயக்கினதும் திரை சில நிமிஷம் கறுப்பாவே இருக்கும். செத்துப் போகலை, ராமோட ஒத்துப்போக எந்த நேரக்கணக்கு சரிவரும்னு ஒவ்வொண்ணா சோதிச்சுக்கிட்டு இருக்கு. பேட்டரியைக் கழட்ட ஸ்க்ரூடிரைவர் தேடுறதுக்கு முன்னாடி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. அவசரப்பட்டுக் கழட்டினா அதுவரை கத்துக்கிட்டதையும் மறந்துட்டு, மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கும்.